ஆப்-ல 'வானம் தெளிவு'... நாகையில் நட்சத்திரத்தைக் காணோமே, ஏன்?

போனைத் திறந்தால் 'நாகப்பட்டினம், 32 டிகிரி, வானம் தெளிவு' என்கிறது வெதர் ஆப். மாடிக்குப் போனால் சட்டை முதுகோடு ஒட்டுகிறது. தலைக்கு மேலே நாலைந்து நட்சத்திரம்தான். "இந்த ஆப்பே வேஸ்ட்"னு தோணத்தான் செய்யும். ஆனால், அது காட்டிய இரண்டு தகவலும் சரியாகவே இருக்கலாம்.

32 டிகிரி என்பது நிழலில் அளந்த காற்றின் வெப்பம். காற்றில் ஈரப்பதம் 70 சதவீதம் இருந்தால் வியர்வை சீக்கிரம் காயாது. உடம்புக்கு அது சுமார் 40 டிகிரி மாதிரி இருக்கும். கடலோரத்தில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியது 'ஃபீல்ஸ் லைக்' எண்ணைத்தான். 'வானம் தெளிவு' என்றால் மேகம் இல்லை என்பது மட்டுமே அர்த்தம். அதே ஈரமும் கடலில் இருந்து வரும் உப்புத் துகளும் தெருவிளக்கு வெளிச்சத்தைச் சிதறடித்து வானத்தை வெளிற வைத்துவிடுகின்றன. விளக்குகளுக்கு முதுகைக் காட்டி, கடற்கரையில் 20 நிமிஷம் போனைத் தொடாமல் உட்கார்ந்தால் கண் இருட்டுக்குப் பழகும். (போனைத் தொடாமல் 20 நிமிஷம், அதுதான் கஷ்டம்!) ஏப்ரல், மே இரவுகளில் தெற்கே தென்சிலுவை தெரியும். துருவ நட்சத்திரம் வடக்கே அடிவானத்துக்கு மேல் 11 டிகிரியில்தான் நிற்கும். கையை நீட்டி முஷ்டி பிடித்தால் கிட்டத்தட்ட அந்த உயரம். லேசான மூட்டம் போதும், அது மறைந்துவிடும்.

இதை விட சிக்கலானது காற்று. பகலில் தரை கடலை விட வேகமாகச் சூடாகும். மதியவாக்கில் கடல்காற்று உள்ளே வரும். மே, ஜூனில் மீனவர்கள் 'கச்சான்' என்று சொல்லும் மேல்காற்று பலமாக வீசினால் கடல்காற்று வர தாமதமாகும். அன்னைக்குத்தான் வெயில் கொளுத்தி எடுக்கும். இரவில் தரை குளிர்ந்துவிடுவதால் காற்று கரையில் இருந்து கடலுக்குத் திரும்பும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்தத் தரைக்காற்று, கடல் பக்கமிருந்து வரும் வாடையோடு மோதி, கரையை ஒட்டியே மேகம் கட்டும். படுக்கப் போகும்போது நட்சத்திரம் மின்னும், விடிகாலை 4 மணிக்கு மழை கொட்டும். கடலோர ஊர்களுக்கு இது புதுசு இல்லை.

இதையெல்லாம் ஆப் ஏன் தவறவிடுகிறது? உலக அளவிலான வானிலை மாதிரிகள் பூமியைப் பல கிலோமீட்டர் அகலமுள்ள கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகின்றன. நாகை மாதிரி ஊரில் ஒரே கட்டத்தில் பாதி கடல், பாதி தரை. அதனால் நாகூரில் கொட்டும் மழை வேளாங்கண்ணியில் தூறலாகக்கூட இல்லாமல் போவது அந்தக் கணக்கில் சிக்குவது கஷ்டம்.

மாடியில் துணி காயப்போட்டவருக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. அக்கரைப்பேட்டையில் இருந்து இருட்டோடு படகு எடுப்பவருக்கு அப்படியில்லை. காற்று எந்தத் திசை, என்ன வேகம், அலை எவ்வளவு உயரம் என்பதுதான் அவருக்கு வேண்டியது. 2018 நவம்பர் 16 நள்ளிரவுக்குப் பிறகு நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தபோது காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. போனில் வரும் சின்ன மழைமேகப் படத்துக்கு அதுவும் ஒன்றுதான், சாதாரண மழையும் ஒன்றுதான்.

சரியான தகவல் இல்லாமல் இல்லை. இந்திய வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்குத் தனி எச்சரிக்கை தருகிறது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் அலை முன்னறிவிப்பு தருகிறது. காரைக்கால் டாப்ளர் ரேடார் படத்தில் மழைமேகம் இப்போது எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்று யாரும் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கத்தில் கிடக்கிறது. மொழியோ 'ஓரிரு இடங்களில்', 'அநேக இடங்களில்' என்கிற அலுவலக மொழி. சாப்பாடு ஆர்டர் பண்ணினால் டெலிவரி செய்பவர் எந்தத் தெருமுனையில் நிற்கிறார் என்று காட்டும் அதே போனில், ஊர்வாரியாக, மணிவாரியாக, காற்றையும் அலையையும் முதலில் சொல்லும் ஒரு தமிழ் பக்கத்தை அரசு கொண்டுவர முடியாதா என்ன? அடுத்த வாடைக் காலத்துக்கு முன்பே அது வர வேண்டும்.