நம் தோலுக்கு ஏற்ற ஒளியா?

எஸ்பிஎம் தேர்வு முடிந்த கையோடு, காதில் இரண்டாவது துளை குத்திக்கொண்டேன். புண் ஆறியது. ஆனால், சில மாதங்களில் அங்கே கொண்டைக்கடலை அளவில் ஒரு தடிப்பு வளர்ந்தது. காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் இத்தகைய தழும்பைக் 'கெலாய்டு' என்பார்கள். கருமையான தோல் உள்ளவர்களுக்கு இது அதிகம் வருகிறது. முடியால் காதை மறைத்துக்கொண்டே பல்கலைக்கழக முதலாண்டைக் கழித்தேன்.

கடந்த ஆண்டு ஜார்ஜ்டவுனில் ஓர் அழகு நிலையம் லேசர் 'பேக்கேஜ்' தருவதாக அறிந்து, பகுதி நேர வேலையில் சேர்த்த பணத்துடன் போனேன். "என் தோல் நிறத்துக்கு இது ஒத்துவருமா?" என்று கேட்டேன். "எல்லாருக்கும் ஒரே மாதிரிதான்" என்றார் அங்கிருந்தவர். பணத்தைக் கட்டாமல் திரும்பிவிட்டேன்.

ஏனெனில், எல்லாருக்கும் ஒரே மாதிரி அல்ல. தழும்புக்குப் பயன்படும் 'பல்ஸ்டு டை' லேசர் 585 அல்லது 595 நானோமீட்டர் அலைநீள ஒளியைப் பாய்ச்சுகிறது. தழும்பின் நுண் இரத்தக்குழாய்களில் உள்ள ஹீமோகுளோபின் அதை உறிஞ்சிச் சூடாகிறது. குழாய்கள் சிதைந்து, சிவப்பும் தடிப்பும் குறையலாம். ஆனால், நம் தோலுக்கு நிறம் தரும் மெலனினும் அதே ஒளியை உறிஞ்சும். அளவு தவறினால் தோல் வெந்து, கருந்திட்டோ வெண்திட்டோ மிஞ்சும். அந்தக் காயமே புதிய கெலாய்டுக்கும் வழிவிடலாம்.

ஒளிக்குத் தோல் காட்டும் எதிர்வினையை வகைப்படுத்தும் அளவுகோலை அமெரிக்க மருத்துவர் தாமஸ் ஃபிட்ஸ்பேட்ரிக் 1975இல் உருவாக்கினார். முதலில் அதில் வெள்ளைத் தோலின் நான்கு வகைகளே இருந்தன. பழுப்பு, கறுப்புத் தோல்கள் பின்னர்தான் ஐந்தாம், ஆறாம் வகைகளாகச் சேர்ந்தன. நாம் கேட்காவிட்டால் நம் தோல் கணக்கில் வராமலே போகலாம்.

பிறகு அரசாங்கக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட் கட்டி மருத்துவரைப் பார்த்தேன். அவர் தோல் நிபுணரிடம் அனுப்பினார். தழும்புக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். சிலிக்கோன் பட்டை ஒட்டச் சொன்னார்கள். வெட்டி எடுத்தால் மட்டும் போதாது, பெரும்பாலும் திரும்ப வளரும் என்றும் விளக்கினார்கள். தடிப்பு இப்போது பாதியாகியுள்ளது, முழுதாக மறையவில்லை.

லேசரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தகுந்த கையில் அது நல்ல துணைச் சிகிச்சை. ஆனால், லேசரைப் பிடிப்பவர் பதிவுபெற்ற மருத்துவரா? அழகியல் சிகிச்சை செய்யும் பொது மருத்துவர் என்றால், சுகாதார அமைச்சின் எல்சிபி சான்று உண்டா? நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களுக்கு முன்பு செய்திருக்கிறாரா? முதலில் சிறு இடத்தில் சோதித்துப் பார்ப்பாரா? பணம் கட்டுவதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

கெலாய்டு குடும்பவழியிலும் வரக்கூடியது. என் தங்கையும் இப்போது இரண்டாவது துளை வேண்டும் என்கிறாள். முடியை ஒதுக்கி என் காதைக் காட்டினேன். யோசிக்கிறாள்.