பின் வைத்த கால்

“முன் வைத்த காலைப் பின் வைக்காதே” என்று வீட்டிலும் பள்ளியிலும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். கடந்த மார்ச் மாதம் அந்த அறிவுரையை நான் மீற வேண்டி வந்தது. மீறியது சரிதான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

ரெம்பாவ் தோட்டப்புறத்தில் வளர்ந்தவள் நான். எங்கள் ஊர் குனோங் டத்தோ மலை 884 மீட்டர் உயரம். இரும்பு ஏணி பிடித்து அதன் உச்சிப் பாறைகளில் பலமுறை ஏறியிருக்கிறேன். 1997 மே 23இல் எவரெஸ்ட் உச்சியைத் தொட்ட முதல் மலேசியர்களான மகேந்திரனும் மோகனதாஸும் நம்மவர்கள் என்ற பெருமையும் உண்டு. பகுதி நேர வேலையில் சேர்த்த பணத்தோடு, பல்கலைக்கழக நண்பர்கள் மூவருடன் நேப்பாளம் புறப்பட்டேன். அன்னபூர்ணா மலைச்சுற்றில் 5,416 மீட்டர் உயரத்தில் உள்ள தோரோங் லா கணவாயைக் கடப்பது எங்கள் திட்டம்.

ஒரு வாரத்துக்கும் மேல் நடந்து, 4,450 மீட்டர் உயரத்தில் இருக்கும் தோரோங் பேடியில் தங்கினோம். அன்றிரவே எனக்குத் தலைவலி. சாப்பாடும் இறங்கவில்லை. சொன்னால் என்னை விட்டுவிட்டுப் போவார்களோ என்ற பயத்தில் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

அதிகாலை நான்கு மணிக்குத் தலைவிளக்கு வெளிச்சத்தில் கிளம்பினோம். கணுக்கால் புதையும் பனி. முன்னால் போனவரின் தடத்திலேயே கால் வைத்து நடந்தோம். பத்தடிக்கு ஒருமுறை மூச்சு வாங்கியது. விடியும் நேரத்தில் வாந்தி எடுத்தேன்.

எங்கள் வழிகாட்டி முன்பு மலேசியாவில் பாதுகாவலராக வேலை பார்த்தவர். மலாய் நன்றாகப் பேசுவார். ஒரு பாதத்தின் குதிகாலை மறு பாதத்தின் விரல் நுனியோடு ஒட்டி வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொன்னார். மூன்றாவது அடியில் சாய்ந்தேன். “துருன்” என்றார். இறங்கு என்று பொருள்.

“இன்னும் கொஞ்ச தூரம்தானே, அபாங்” என்று அழுதேன். அவர் அசையவில்லை. கணவாயின் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். மலை நோயில் தள்ளாட்டம் வந்தால் மூளை வீங்கத் தொடங்கியிருக்கலாம். அதற்கு முதல் மருந்து உடனே கீழே இறங்குவது.

இருந்தது ஒரே வழிகாட்டி என்பதால் நால்வரும் திரும்பினோம். என் மௌனத்துக்கு நண்பர்களும் விலை கொடுத்தார்கள். மலாய்த் தோழி மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு, “தக் லாரி குனோங் டிகெஜார்” என்றாள். துரத்தினாலும் மலை ஓடிவிடாது என்பது மலாய்ப் பழமொழி. மதியம் 4,050 மீட்டரில் உள்ள யாக் கர்காவை அடைந்தபோது என் தலைவலி குறைந்திருந்தது.

அதே கணவாய்ப் பகுதியில்தான் 2014 அக்டோபரில் பலர் பனிப்புயலில் சிக்கினர். வங்கக் கடலில் உருவான ஹுட்ஹுட் புயலின் மிச்சம் அது. அன்னபூர்ணா, தௌலகிரி வட்டாரங்களில் 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலை யாருடைய வைராக்கியத்தையும் பார்ப்பதில்லை.

ஊர் திரும்பியதும், “அவ்வளவு காசு செலவழிச்சி பாதியிலயா திரும்பி வந்த?” என்று கேட்டார்கள். இந்தக் கேள்விக்குப் பயந்துதானே நம் மாணவர்கள் பலர் தலைவலியை மறைக்கிறார்கள்! பெற்றோர் விருப்பத்துக்காகப் பொறியியலில் சேர்ந்த என் வகுப்புத் தோழர் ஒருவர், இரண்டு பருவத் தேர்வு முடிவுகளை வீட்டில் காட்டவே இல்லை. தெரியவந்தபோது ஓராண்டும் கல்விக் கடனில் ஒரு பகுதியும் போயிருந்தன. முதல் பருவத்திலேயே சொல்லியிருந்தால் துறை மாற வழி இருந்திருக்கும்.

விடாமுயற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சோம்பலால் திரும்புவது வேறு, ஆபத்தை உணர்ந்து திரும்புவது வேறு. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். “முடியவில்லை” என்று பிள்ளை சொன்னால், அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள் என்று யோசிப்பதற்கு முன், என்ன வலிக்கிறது என்று கேளுங்கள், பெற்றோர்களே.

மாணவ நண்பர்களே, தலைவலியை முதல் இரவே சொல்லிவிடுங்கள். நான் மீண்டும் தோரோங் லா போவேன். இம்முறை வாயை மூடிக்கொண்டு நடக்க மாட்டேன்.