காலைப் பார்த்தே அளவு சொல்லும் கடை

போன மாதம் போனில் ஒரு ஜோடி செருப்பு வாங்கினேன். படத்தில் பார்க்க அவ்வளவு அழகு. வீட்டுக்கு வந்ததும் போட்டுப் பார்த்தால், சுண்டுவிரல் பட்டைக்கு வெளியே நிற்கிறது. திருப்பி அனுப்பிவிட்டு ஒரு அளவு பெரிதாகக் கேட்டேன். அதுவும் வந்தது. விரல் அடங்கிவிட்டது, ஆனால் நடக்கும்போது பின்னால் 'டப் டப்' என்று அடிக்கிறது. இன்னொரு முறை திருப்பி அனுப்பச் சோம்பல். பையில் போட்டுக்கொண்டு மாதனூர் கடைத்தெருவில் இருக்கும் பாய் கடைக்குப் போனேன்.

"கால வைம்மா" என்றார். அளவுப் பலகை எதையும் எடுக்கவில்லை. ஒரு பார்வைதான். "ஒனக்கு நீளம் ஆறு. பாதம் அகலம். அதுக்காக ஏழு எடுத்தா லொட லொடன்னுதான் இருக்கும்." உள்ளே போய் அகலமான ஆறு ஒன்றை எடுத்து வந்தார். கச்சிதமாகப் பொருந்தியது. மொத்தம் இரண்டு நிமிடம்.

காசு கொடுக்கும்போது சாதாரணமாகச் சொன்னார்: "பொங்கலோட முடிச்சிக்கலாம்னு பாக்கறேன்மா."

செருப்பு தைக்கிற சீமையில் செருப்புக் கடை மூடப்போகிறது! ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றங்கரை முழுக்கத் தோலும் ஷூவும்தான் பிழைப்பு. ஆம்பூருக்கும் பள்ளிகொண்டாவுக்கும் நடுவில் இருக்கிற எங்கள் மாதனூரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் காலையில் கம்பெனி வண்டி ஏறிப் போகும் பெண்கள் எத்தனையோ பேர். சம்பளம் வந்த வாரம் சாயங்காலம் அவர்கள் இறங்கும்போதுதான் கடைத்தெருவுக்கு உயிர் வரும். பூ, நைட்டி, பிள்ளைக்கு ஸ்கூல் பை, மாமியாருக்கு மாத்திரை என்று ஆளுக்கு நாலு கடை ஏறி இறங்குவார்கள்.

இப்போதும் அவர்கள் இறங்குகிறார்கள். ஆனால் கையில் போன் இருக்கிறது. வண்டியில் வரும்போதே நைட்டி ஆர்டர் போட்டாகிவிட்டது. மூடிக்கிடக்கிற ஒரு கடையின் திண்ணையில் இரண்டு பையன்கள் பார்சல் மூட்டையைப் பிரித்துத் தெருவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடையும் ஒரு காலத்தில் நைட்டி விற்ற கடைதான்.

போனை மட்டும் திட்டிப் பயனில்லை. சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை அகலமான பிறகு, டீ குடிக்க நிறுத்தி அப்படியே நாலு சாமான் வாங்கிப் போகிற வண்டிகள் குறைந்துவிட்டன. கடைக்காரர்கள் மேலும் தப்பு இருக்கிறது. விலை எழுதி வைப்பதில்லை. ஆளைப் பார்த்து விலை சொல்வதுண்டு. மாற்றித் தரச் சொன்னால் முகம் சுருங்கும். எட்டு மணி நேரம் மெஷினில் உட்கார்ந்துவிட்டு வருகிற பெண் ஒரு கழிப்பறை தேடினால், தெரு முழுக்கக் கிடைக்காது. அப்புறம் அவள் ஏன் அரை மணி நேரம் நின்று கடை பார்க்கப் போகிறாள்?

இது நம்மூர்க் கவலை மட்டும் இல்லை. இங்கிலாந்தில் ஒரு ஊருக்குப் பெயரே 'ஸ்ட்ரீட்'. 1825-ல் கிளார்க்ஸ் ஷூ கம்பெனி பிறந்தது அங்கேதான். நம் ஆம்பூர்ப் பக்கம் தைக்கிற ஷூக்கள் போய்ச் சேருகிற பெயர்களில் அதுவும் ஒன்று. தையல் வேலை நம்மைப் போன்ற ஊர்களுக்கு வந்ததும் அங்கே தொழிற்சாலை மூடிவிட்டது. அந்தக் கட்டடங்களை இடித்துப்போடாமல், 1993-ல் குறைந்த விலைக் கடைவீதியாக மாற்றிவிட்டார்கள். ஆனாலும் அந்த நாட்டின் பழைய கடைத்தெருக்கள் பலவும் இன்று நம் தெருவைப் போலவே தள்ளாடுகின்றன. அங்கே ஒரு ஷூ கடை ஷட்டரை இறக்கினால், இங்கே ஒரு ஆர்டர் குறையும். ஆர்டர் குறைந்தால் ஓவர்டைம் போகும். ஓவர்டைம் போனால் மாதனூர்ப் பூக்காரம்மாவுக்கு இரண்டு முழம் மிச்சமாகும். அவர்கள் கடைத்தெருவுக்கும் நம் கடைத்தெருவுக்கும் இப்படி ஒரு சொந்தம்!

ஜப்பானில் இப்படி மூடிக்கிடக்கும் வீதிகளை 'ஷட்டர் தெரு' என்றே அழைக்கிறார்கள். அங்கே தகமாட்சு என்ற ஊரில் மருகமேமாச்சி என்று ஒரு பழைய கடைவீதி. கடைக்காரர்கள் ஒரு வேலை செய்தார்கள். நிலத்தின் உரிமையைத் தாங்களே வைத்துக்கொண்டு, பயன்படுத்தும் உரிமையை மட்டும் 60 வருடக் குத்தகைக்கு ஒரு பொதுக் கம்பெனியிடம் கொடுத்தார்கள். எந்தக் கடை எங்கே வேண்டும் என்று அந்தக் கம்பெனி முடிவு செய்தது. முதல் பகுதி 2006-ல் திறந்தது. வெறும் துணிக்கடையும் நகைக்கடையும் அல்ல. மாடியில் வீடுகள் வந்தன, கிளினிக் வந்தது. வயதானவர்கள் அந்தத் தெருவிலேயே குடியேறினார்கள். குடியிருப்பவருக்குக் காய்கறி வேண்டும், மருந்து வேண்டும். தெருவுக்குத் தினமும் கால்கள் வந்தன.

நம் சென்னையிலும் பாண்டி பஜார் சாலையில் 2019-ல் அகலமான நடைபாதை போட்டு, உட்கார பெஞ்ச் போட்டார்கள். எதுவுமே வாங்காமல் குடும்பத்தோடு நடக்க வருகிறவர்கள் அங்கே உண்டு. நடக்க வந்தவர்கள்தான் கடைசியில் ஒரு கம்மல் வாங்குவார்கள்.

மாதனூருக்கு அவ்வளவு பணம் வராது. வேண்டவும் வேண்டாம். பெண்களுக்குச் சுத்தமான ஒரு கழிப்பறை. கம்பெனி வண்டி நிற்கிற இடத்தில் நிழலும் நல்ல வெளிச்சமும். எல்லாக் கடையிலும் எழுதி ஒட்டிய விலை. 'ஒரு வாரத்துக்குள் மாற்றித் தரப்படும்' என்று ஒரு போர்டு. கடைக்காரர்களும் பஞ்சாயத்தும் சேர்ந்து உட்கார்ந்தால் முடியாத காரியமா இது?

அதோடு, போன் செய்ய முடியாத வேலை என்று சில இருக்கின்றன. காலைப் பார்த்து அளவு சொல்வது. ரவிக்கையைப் பிரித்துத் தைப்பது. மிக்ஸிக்கு பிளேடு மாற்றுவது. சம்பளம் வரும்வரை 'அப்புறம் குடும்மா' என்று சொல்வது. கடைத்தெரு இனி விற்கவேண்டிய சரக்கு இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

கிளம்பும்போது, பையிலிருந்த அந்த 'டப் டப்' செருப்பை எடுத்து பாயிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். உள்ளே ஒரு தோல் துண்டை வெட்டி ஒட்டினார்; பட்டையைப் பிரித்துக் கொஞ்சம் இழுத்துத் தைத்தார். போட்டுப் பார்த்தேன். சத்தம் நின்றுவிட்டது.

"எவ்ளோ பாய்?"

"முப்பது ரூபா குடு."

"இந்த மாதிரி போன்ல வாங்கி அளவு சேராதது எங்க தெருவுல வீட்டுக்கு ஒண்ணு கெடக்குது பாய். கொண்டு வரச் சொல்லட்டுமா?"

ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டே சொன்னார்: "சொல்லும்மா. தினம் பத்து ஜோடி வந்தா, நான் எதுக்கு மூடப்போறேன்?"

தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது.