சரணாலயம் பறவைக்கு மட்டும்தானா?

 

அமெரிக்காவில் இருக்கும் என் பழைய மாணவர் ஒருவர் குடும்பத்தோடு ஹவாய் போகிறார். நேற்று போனில் கேட்டார்: "சார், ரெண்டுல ஒண்ணுதான் பார்க்க முடியும். கவாயி தீவுல கிலாவேயா முனைன்னு பறவைகள் சரணாலயம் இருக்கு. இன்னொண்ணு பெரிய தீவுல ஹோனௌனௌ. அங்க வெறும் கல்லும் மரச்சிலையும்தானாம். பறவைக்கே போயிடட்டுமா?"

அந்த 'வெறும் கல்'லுக்காகத்தான் இந்தப் பதிவு.

பறவைகளைக் குறை சொல்லமாட்டேன். கிலாவேயா முனை அருமையான இடம். (இதே பெயரில் எரிமலையும் உண்டு, அது வேறு தீவு, குழம்ப வேண்டாம்.) 1913இல் கட்டிய கலங்கரை விளக்கம், செங்குத்தான பாறை, அதில் கூடு கட்டும் கடற்பறவைகள். அல்பட்ராஸ் வரும். 'நேநே' என்ற ஹவாய் வாத்தைப் பார்க்கலாம். கடந்த நூற்றாண்டின் நடுவில் அந்த இனத்தில் ஏறக்குறைய முப்பதுதான் மிச்சம் இருந்தன. இன்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன என்றால் அதைக் காத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் 'சரணாலயம்' என்ற சொல்லைப் பாருங்கள். சரண் புகும் ஆலயம். வேடந்தாங்கல் பலகையிலேயே பார்த்துப் பார்த்து அதைப் பறவைக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். ஹோனௌனௌவின் முழுப்பெயரில் உள்ள 'புஹோனுவா' என்ற ஹவாய்ச் சொல்லுக்கும் அடைக்கலம் தரும் இடம் என்றுதான் பொருள். அங்கே அடைக்கலம் மனிதனுக்கு.

பழைய ஹவாயில் 'கபு' என்று கடுமையான விலக்குச் சட்டம் இருந்தது. பெண் வாழைப்பழம் தின்னக்கூடாது, தேங்காய் தின்னக்கூடாது, ஆணோடு உட்கார்ந்து சாப்பிடவும் கூடாது. தலைவர் மேல் நிழல் விழக்கூடாது. மீறினால் உயிர் போகும். துரத்துகிறவர்களுக்குத் தப்பிக் கடலில் நீந்தியாவது அந்தச் சுவருக்குள் வந்துவிட்டால் கதை வேறு. பூசாரி சடங்கு செய்து குற்றத்தை நீக்குவார். அப்புறம் அவர் வீடு திரும்பலாம், யாரும் கை வைக்க முடியாது. போரில் தோற்றவனுக்கும், சண்டைக்குப் போகாத கிழவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அதே இடம்தான் புகலிடம்.

'வெறும் கல்' என்றாரே, அந்தச் சுவர் ஏறக்குறைய 1000 அடி நீளம், 12 அடி உயரம், 17 அடி கனம். சாந்து இல்லாமல் எரிமலைக் கல்லை அடுக்கியே கட்டியது. பக்கத்துக் கோயிலில் ஒருகாலத்தில் 23 தலைவர்களின் எலும்புகள் இருந்தன. அந்த எலும்புகளின் சக்திதான் அடைக்கலத்துக்குக் காவல் என்று நம்பினார்கள். இப்போது நிற்பது மறுபடி கட்டிய கோயில்.

"எல்லாம் மூடநம்பிக்கை சார், பறவைன்னா சயின்ஸ்" என்று சிலர் வருவீர்கள், தெரியும். கபு கொடூரம்தான், நான் மழுப்பவில்லை. 1819இல் இளம் மன்னர் லிஹோலிஹோ பெண்களோடு உட்கார்ந்து சாப்பிட்டு அதை முறித்தார். வெளியூர்க்காரன் சொல்லியா? இல்லை, அவர்களாகவே. இத்தனை கொடிய சட்டம் போட்ட சமூகமே தப்புவதற்கு ஒரு வாசலையும் திறந்து வைத்திருந்தது. அழியப் போகும் வாத்துக்கு இடம் ஒதுக்கினால் அறிவியல், சாகப் போகும் மனுஷிக்கு இடம் ஒதுக்கினால் பழங்கதையா? என்ன நியாயம் இது?

பலர் ஹோனௌனௌவுக்குப் பக்கத்தில் 'டூ ஸ்டெப்' என்ற இடத்தில் முகமூடி மாட்டிக்கொண்டு மீன் பார்த்துவிட்டு, சுவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விடுகிறார்கள். அதுதான் எனக்கு ஆற்றாமை.

அதனால் மாணவருக்குச் சொன்னது இதுதான்: ஒன்றுதான் முடியும் என்றால் ஹோனௌனௌ போ. பிள்ளைகளை அந்தச் சுவர் ஓரமாக நடக்கவிட்டு, வாழைப்பழம் தின்றதற்காக ஒரு பெண் ஏன் ஓடி வந்தாள் என்று சொல். உள்ளே இருக்கும் குட்டி விரிகுடாவில் நீந்தாதே, மணலில் ஆமை படுத்திருந்தால் தள்ளி நின்று பார்.

"பறவை, சார்?" என்றார். அடுத்த லீவுக்குப் போ என்றேன்.