ஹைபிரிட் காருக்கு மலிவு டயர்: லாபமா, நஷ்டமா?

ஒத்தக்கடையிலிருந்து மேலூர் ரோட்டில் தினமும் ஹைபிரிட் காரில் போகிறீர்களா? டயர் மாற்றும்போது விலையை மட்டும் பார்க்காதீங்க.

ஏன்?
ஹைபிரிட் வாங்குவதே மைலேஜுக்காகத்தான். உருள்வதற்கு அதிக சக்தி கேட்கும் டயரைப் போட்டால், மிச்சம் பிடித்த பணம் பெட்ரோலில் கரைந்துவிடும்.

எதைப் பார்க்கணும்?
* பிஇஇ லேபிள்: நட்சத்திரம் கூடினால் எரிபொருள் மிச்சம்.
* லோடு இண்டெக்ஸ்: பேட்டரி எடையும் சேர்வதால், கார் நிறுவனம் சொன்னதைவிடக் குறையக் கூடாது.
* தேதி: டயரின் பக்கவாட்டில் '2325' என்றிருந்தால், 2025-ம் ஆண்டின் 23-வது வாரத் தயாரிப்பு.

விலை?
2025 செப்டம்பர் 22 முதல் புது கார் டயருக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமானது. பில்லில் சரிபாருங்க.

காசு மிச்சம் என்று தேய்ந்த டயரிலேயே ஓட்டாதீங்க. பட்டன் ஆழம் 1.6 மி.மீ.க்குக் குறைந்தால், மழையில் வண்டி வழுக்கும்.