வீட்டு இன்சூரன்ஸ் ரினியூவல் தேதி வந்தாச்சா? அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மக்கள் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியது என்ன?

வடகிழக்குப் பருவமழை நெருங்கினால் சென்னையின் மேற்குப் புறநகரில் ஒரே பேச்சுதான். "இந்த வருஷம் தண்ணி வருமா?" கூவம் கரையோரம் பருத்திப்பட்டு, திருவேற்காடு, ஏரிகளைச் சுற்றி கொரட்டூர், அம்பத்தூர், செம்பரம்பாக்கத்துக்குப் பக்கத்தில் பூந்தமல்லி, நசரத்பேட்டை என எல்லா ஊரிலும் இந்தக் கேள்வி உண்டு.

அதே நேரத்தில் பலரின் செல்போனுக்கு இன்னொரு மெசேஜும் வரும். "உங்கள் வீட்டு இன்சூரன்ஸ் பாலிசி முடிவடைகிறது. உடனே புதுப்பிக்கவும்." லிங்க்கைத் தட்டி, பணத்தைக் கட்டி, வேலை முடிந்தது என்று போய்விடுகிறோம். ஆனால் வெள்ளம் வந்தால் அந்த பாலிசி எதற்குப் பணம் தரும், எதற்குத் தராது? இது தெரியாமல் ரினியூவல் செய்வதில்தான் சிக்கலே இருக்கிறது.

அரசு நிவாரணம் இருக்கே, இன்சூரன்ஸ் எதுக்கு?

2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் ஏரி திறக்கப்பட்டு அடையாற்றில் வெள்ளம் பாய்ந்ததை யாரும் மறக்கவில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டை, கொரட்டூர், ஆவடி, பட்டாபிராம் பகுதிகளில் தண்ணீர் தேங்கியது. அப்போது பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு ரேஷன் கடைகள் மூலம் தமிழ்நாடு அரசு கொடுத்தது தலா 6,000 ரூபாய்.

அந்த நேரத்தில் அது பெரிய உதவிதான். ஆனால் தரைத்தள வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தால் என்னவெல்லாம் போகும்? ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், மெத்தை, கட்டில், பீரோ, மோட்டார், ஊறிப்போன மரக்கதவு. இதில் ஒரு ஃப்ரிட்ஜைக்கூட 6,000 ரூபாயில் புதிதாக வாங்க முடியாது. நிவாரணம் அன்றைய செலவுக்கு உதவும். இழந்ததைத் திரும்ப வாங்க வேறு வழி வேண்டும்.

முதலில் பாருங்க: கையில் இருப்பது வீட்டு இன்சூரன்ஸ்தானா?

வீட்டுக்கடன் வாங்கியவர்களில் பலர், "லோன் போடும்போதே இன்சூரன்ஸ் எடுத்தாச்சு" என்பார்கள். ஆவணத்தை எடுத்துப் பார்த்தால் அது கடன் பாதுகாப்பு பாலிசியாக இருக்கும். அதாவது கடன் வாங்கியவர் இறந்துவிட்டால் மீதிக் கடனை அடைக்கும் ஆயுள் காப்பீடு. வீட்டுக்குள் வெள்ளம் வந்தால் அதிலிருந்து ஒரு ரூபாய்கூட வராது.

சிலருக்கு வீட்டு இன்சூரன்ஸே இருக்கும். ஆனால் அது கட்டடத்துக்கு மட்டும். வங்கிக்கு வேண்டியது தன் கடனுக்கு ஈடான கட்டடத்தின் பாதுகாப்பு. வீட்டுக்குள் இருக்கும் பொருட்கள் வங்கியின் கவலை இல்லை.

நம் பகுதியின் நிலவரமோ வேறு. இங்கே வெள்ளத்தில் கான்கிரீட் வீடு இடிந்து விழுவது அபூர்வம். போவது பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்கும் பொருட்கள்தான். கட்டடத்துக்கு மட்டும் பாலிசி வைத்திருப்பவர், அதிகம் நடக்கக்கூடிய இழப்புக்குப் பாதுகாப்பே இல்லாமல் இருக்கிறார் என்று அர்த்தம்.

'பாரத் கிருஹ ரக்ஷா' என்றால் என்ன?

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ, 2021 ஏப்ரல் 1 முதல் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டு பாலிசியைக் கொண்டுவந்தது. தீ காப்பீடு வழங்கும் எல்லா பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் இதை விற்றாக வேண்டும். அடிப்படை விதிகள் எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஒன்றுதான். மற்ற பாலிசிகளை ஒப்பிட இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

இதில் முக்கியமானவை:

• தீ, இடி மின்னல், நிலநடுக்கம், புயல், வெள்ளம், தண்ணீர் சூழ்தல், நிலச்சரிவு, கலவரம், தண்ணீர்த் தொட்டி அல்லது குழாய் வெடிப்பு ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு உண்டு.

• சுற்றுச்சுவர், கேட், செப்டிக் டேங்க், சோலார் பேனல் போன்றவையும் 'வீட்டுக் கட்டடம்' என்பதற்குள் வரும்.

• கட்டடத்துக்குக் காப்பீடு எடுத்தால், அந்தத் தொகையில் 20 சதவீதம் வரை வீட்டுப் பொருட்களுக்குத் தானாகவே பாதுகாப்பு கிடைக்கும். உச்சவரம்பு 10 லட்சம் ரூபாய். அதற்கு மேல் வேண்டுமென்றால் பொருட்களின் விவரம் கொடுத்துக் கூட்டிக்கொள்ளலாம்.

• சேதத்தால் வீட்டில் தங்க முடியாத நிலை வந்தால், மாற்று வீட்டு வாடகைக்கும் வழி உண்டு.

• நகை போன்ற விலை உயர்ந்த பொருட்களுக்கும், தனிநபர் விபத்துக்கும் கூடுதல் பிரீமியம் கட்டித் தனியாகச் சேர்க்க வேண்டும்.

வாடகைக்கு இருப்பவர்கள் கட்டடத்தை விட்டுவிட்டுப் பொருட்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம். தரைத்தளத்தில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். வீட்டு ஓனரின் பாலிசி, வாடகைதாரரின் டிவிக்குப் பணம் தராது.

எவ்வளவு தொகைக்கு எடுக்கணும்?

பலர் செய்யும் தப்பு இது. "என் வீடு 80 லட்சம் போகும், அதனால் 80 லட்சத்துக்கு எடுக்கிறேன்" என்பார்கள். ஆனால் அந்த 80 லட்சத்தில் மனையின் விலையும் இருக்கிறது. வெள்ளம் மனையை அடித்துக்கொண்டு போகாது. வீட்டை மறுபடியும் கட்ட என்ன செலவாகும் என்பதுதான் கணக்கு.

உதாரணத்துக்கு, உங்கள் வீட்டின் கார்பெட் ஏரியா 1,000 சதுர அடி, இன்றைய கட்டுமானச் செலவு சதுர அடிக்கு 2,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கட்டடத்துக்கான காப்பீட்டுத் தொகை 25 லட்சம் ரூபாய். அதில் 20 சதவீதமான 5 லட்சம் ரூபாய் வரை பொருட்களுக்குத் தானாகக் கிடைக்கும்.

தொகையைக் குறைத்துப் போட்டால் பிரீமியம் மிச்சம்தானே என்று தோன்றும். இங்கே ஒரு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். 30 லட்சம் மதிப்புள்ள கட்டடத்தை 15 லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருக்கிறீர்கள். 4 லட்சத்துக்குச் சேதம். பல சாதாரண பாலிசிகளில் "பாதி மதிப்புக்குத்தான் காப்பீடு எடுத்தீர்கள், அதனால் இழப்பிலும் பாதிதான்" என்று 2 லட்சம்தான் கொடுப்பார்கள். பாரத் கிருஹ ரக்ஷாவில் இப்படி விகிதம் போட்டுக் குறைக்கும் விதி கிடையாது. காப்பீட்டுத் தொகைக்கு உட்பட்ட இழப்பு முழுமையாகக் கணக்கில் எடுக்கப்படும். ஆனால் நீங்கள் கொடுக்கும் பரப்பளவு விவரம் சரியாக இருக்க வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்பு போட்ட தொகையையே மாற்றாமல் ரினியூவல் செய்கிறீர்களா? சிமென்ட், கம்பி, கூலி எல்லாம் இடையில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். இந்த பாலிசியை 10 ஆண்டுகள் வரை மொத்தமாக எடுக்கும் வசதியும் உண்டு. அப்படி எடுத்தால் காப்பீட்டுத் தொகை ஆண்டுக்கு 10 சதவீதம் தானாக உயரும்.

எதெல்லாம் கிடைக்காது?

க்ளைம் நேரத்தில் ஏமாற்றம் வருவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான்.

• திருட்டு: அடிப்படை பாலிசியில், வெள்ளம் போன்ற சம்பவம் நடந்து 7 நாட்களுக்குள் நடக்கும் திருட்டுக்கு மட்டுமே பாதுகாப்பு. ஊருக்குப் போன நேரத்தில் பூட்டை உடைத்துத் திருடினால் அதற்குத் தனி கவர் வேண்டும்.

• சுவரில் ஈரம் ஏறுவது, மெல்ல மெல்ல வரும் கசிவு, பழசானதால் வரும் தேய்மானம்: இவை பராமரிப்புச் செலவு. இன்சூரன்ஸில் வராது.

• மின்கோளாறு: வோல்டேஜ் ஏறி இறங்கியதால் ஏசி மட்டும் போனால் கிடைக்காது. அதிலிருந்து தீ பரவி மற்ற பொருட்கள் எரிந்தால், அந்த மற்ற பொருட்களுக்குக் கிடைக்கும்.

• ரொக்கப் பணம், பைக், கார்: வீட்டு பாலிசியில் வராது. வாகனத்துக்கு மோட்டார் இன்சூரன்ஸ்தான். தண்ணீர் புகுந்து இன்ஜின் போவதற்கு அதிலும் தனி கவர் தேவைப்படும்.

• கீழே கடை, மேலே வீடு: நம் பகுதியில் இது சாதாரணம். கடைக்கு விட்டிருப்பதை மறைக்காதீர்கள். கடைப் பகுதிக்கும் சரக்குக்கும் தனி பாலிசி வேண்டும்.

அனுமதி வாங்காமல் கட்டிய கூடுதல் மாடி இருந்தால், அது கவரேஜில் வருமா என்று கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜென்ட் போனில் சொன்ன "அதெல்லாம் வரும் சார்" க்ளைம் நேரத்தில் நிற்காது.

ஃபிளாட் வாசிகள் கவனத்துக்கு

அடுக்குமாடிக் குடியிருப்பில் லிஃப்ட், ஜெனரேட்டர், சம்ப், மோட்டார் அறை எல்லாம் பொதுச் சொத்து. உங்கள் ஃபிளாட்டுக்கு எடுத்த பாலிசியை மட்டும் நம்பி இவற்றை விட முடியாது. சங்கம் தனியாக பாலிசி எடுத்திருக்கிறதா, அதில் வெள்ளம் உண்டா என்று அடுத்த கூட்டத்தில் கேளுங்கள். தரைத்தள மோட்டார் அறை மூழ்கினால் நாலாவது மாடிக்காரருக்கும் தண்ணீர் வராது. செலவை எல்லோரும் சேர்ந்துதான் பகிர வேண்டியிருக்கும்.

இரண்டு கொட்டேஷனை எப்படி ஒப்பிடுவது?

பிரீமியத்தை மட்டும் பார்த்தால் குறைவானதுதான் ஜெயிக்கும். ஆனால் பழைய மாதிரி தீ காப்பீட்டு பாலிசிகளில் புயல், வெள்ள கவரை நீக்கிவிட்டு பிரீமியத்தைக் குறைக்கும் வழி உண்டு. நம் பகுதியில் வெள்ளம் இல்லாத வீட்டு பாலிசி பெரிதாகப் பயன்படாது. அதனால் இந்த வரிசையில் கேளுங்கள்:

1. வெள்ளம், புயல் இரண்டும் இருக்கிறதா?
2. பொருட்களுக்கு எத்தனை ரூபாய் வரை?
3. தொகை குறைவாக இருந்தால் விகிதம் போட்டுக் குறைப்பார்களா?
4. பழைய பொருளுக்குத் தேய்மானம் கழிப்பார்களா?
5. ஒவ்வொரு க்ளைமிலும் நம் கையிலிருந்து போக வேண்டிய தொகை எவ்வளவு?
6. இவை எல்லாம் ஒன்றாக இருந்தால், பிரீமியம் எதில் குறைவு?

பிரீமியத்தை ஜிஎஸ்டி சேர்த்து ஒப்பிடுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விலக்கு கிடைத்தது தனிநபர் ஆயுள், மருத்துவக் காப்பீடுகளுக்குத்தான். வீட்டு இன்சூரன்ஸுக்கு 18 சதவீதம் தொடர்கிறது.

கம்பெனி மாறினால் ஏதாவது நஷ்டமா?

மருத்துவக் காப்பீட்டில் காத்திருப்புக் காலம் போய்விடுமோ என்ற பயம் இருக்கும். வீட்டு பாலிசியில் அப்படிச் சேர்த்து வைத்த சலுகை எதுவும் பெரிதாக இல்லை. பிடிக்கவில்லை என்றால் ரினியூவலின்போது தாராளமாக மாறலாம். வங்கி சொல்லும் கம்பெனியிலேயே எடுத்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை.

ஒரே எச்சரிக்கை, இடைவெளி விடக்கூடாது. பழைய பாலிசி முடியும் நாளிலேயே புதியது தொடங்க வேண்டும். புயல் சின்னம் உருவான பிறகு ஓடினால், அந்த நேரத்தில் புது பாலிசி தரக் கம்பெனிகள் தயங்கும்.

கடனை முழுதாக அடைத்தவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். பாலிசியில் வங்கியின் பெயர் இன்னும் இருந்தால் அதை நீக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் க்ளைம் பணம் உங்கள் கைக்கு வருவதில் தாமதம் ஏற்படலாம்.

தண்ணீர் வந்துவிட்டால்?

பாதுகாப்பான இடத்துக்குப் போவதுதான் முதல் வேலை. அதன்பின் கம்பெனிக்குத் தாமதிக்காமல் தகவல் சொல்லி, புகார் எண்ணை வாங்கிவையுங்கள். தண்ணீர் நின்ற அளவு சுவரில் தெரியும்படி போட்டோ, வீடியோ எடுங்கள். சர்வேயர் பார்ப்பதற்கு முன் நனைந்த பொருட்களைக் குப்பையில் போட வேண்டாம். சேதத்தைப் பார்த்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் க்ளைம் படிவத்தைக் கொடுத்துவிடுங்கள்.

இதற்கு இப்போதே செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு. வீட்டைச் சுற்றி ஐந்து நிமிட வீடியோ எடுத்து, பொருட்களின் பில்களையும் போட்டோ எடுத்து, செல்போனில் மட்டும் வைக்காமல் மெயிலிலும் சேமித்துவிடுங்கள். பீரோவில் வைத்த பில், பீரோவோடு சேர்ந்து நனைந்துவிடும்.

க்ளைமை நிராகரித்தாலோ இழுத்தடித்தாலோ, முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. வக்கீல் தேவையில்லை. 50 லட்சம் ரூபாய் வரையிலான இழப்பீட்டுக்கு அவர் உத்தரவிட முடியும். அந்த உத்தரவு கம்பெனியைக் கட்டுப்படுத்தும். ஐஆர்டிஏஐயின் 'பீமா பரோசா' இணையதளத்திலும், 155255 என்ற எண்ணிலும் புகார் செய்யலாம்.

ஏற்கெனவே அவசரத்தில் ரினியூவல் செய்துவிட்டீர்களா? பயப்பட வேண்டாம். பாலிசியை எடுத்து மூன்று விஷயம் மட்டும் பாருங்கள்: வெள்ளம் என்ற சொல் இருக்கிறதா, பொருட்களுக்கு எவ்வளவு தொகை, வீட்டின் பரப்பளவும் முகவரியும் சரியா. ஏதாவது விடுபட்டிருந்தால் இப்போதே கம்பெனிக்கு எழுதித் திருத்தம் கேளுங்கள். மழை தொடங்கிய பிறகு இதற்கு நேரம் இருக்காது.