எடைக் கருவியே போதும், தொடங்கலாம்

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டு வாசலிலேயே சோதிக்க வழிசெய்தது. அதே வாசலில் நிற்கும் அறுபது வயதுப் பெண்ணின் எலும்பை யாரும் விசாரிப்பதில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்த பிறகுதான் அது ஒடியும் நிலையில் இருந்தது தெரியவருகிறது. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைந்து, எலும்பு வேகமாகக் கரைகிறது. வலி எதுவும் இராது. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் மேலைநாட்டினரைவிடச் சில ஆண்டுகள் முன்னதாகவே நிற்கிறது.

எல்லாருக்கும் எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுக்கச் சொல்லவில்லை. ஆசியப் பெண்களுக்கென்றே உருவான 'ஆஸ்டா' கணக்குக்கு வயதும் எடையும் போதும். கிலோவில் உள்ள எடையைவிட வயது 5-க்கு மேல் கூடியிருந்தால் கவனம் தேவை. 20-க்கு மேல் கூடினால் ஆபத்து அதிகம். தாம்பரம் மாநகராட்சியின் சேலையூரிலோ பெருங்களத்தூரிலோ வீடு வீடாகச் செல்லும் தன்னார்வலர் இதை ஒரு நிமிடத்தில் போட்டுவிடலாம். கூடவே சில கேள்விகள்: சிறு தடுமாற்றத்தில் எலும்பு முறிந்ததுண்டா? கர்ப்பப்பையோடு சினைப்பையையும் சீக்கிரமே எடுத்துவிட்டார்களா? ஸ்டீராய்டு மாத்திரை நெடுநாள் சாப்பிட்டீர்களா? கடைசிக் கேள்வி தாம்பரத்துக்கு மிகவும் பொருந்தும். 1928-இல் காசநோய்க்காகத் தொடங்கிய சானடோரியம் மருத்துவமனைக்கு இன்று ஆஸ்துமாக்காரர்களும் வருகிறார்கள்; அவர்களில் சிலர் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்கள்.

இந்த வடிகட்டலில் சிக்குபவர்களுக்கு மட்டும் ஸ்கேன். அதைக் குரோம்பேட்டை அரசு மருத்துவமனையில் இலவசமாக எடுக்க வழி வேண்டும். குதிகாலில் கருவி வைத்துப் பார்க்கும் இலவச முகாம்கள் இதற்கு ஈடாகா. அந்த முடிவை வைத்து எலும்பு மெலிவு நோயை உறுதிசெய்ய முடியாது. முகாம் முடிவில் கால்சியம் டப்பா விற்பவர்களிடம் கூடுதல் எச்சரிக்கை நல்லது.

பலன் உண்டா? பிரிட்டனில் 70 முதல் 85 வயது வரையிலான 12,483 பெண்களிடம் நடந்த 'ஸ்கூப்' ஆய்வில், முதலில் கேள்வித்தாள், தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் ஸ்கேன் என்ற முறையால் இடுப்பு முறிவு 28 சதவீதம் குறைந்தது. மொத்த முறிவுகள் பெரிதாகக் குறையவில்லை என்பதும் உண்மை. ஆனால் ஒரு பெண்ணைப் படுக்கையில் தள்ளி, வீட்டையே கடனில் ஆழ்த்துவது இடுப்பு முறிவுதான்.

மருந்தும் எட்டாததல்ல. வாரம் ஒருமுறை விழுங்கும் அலென்ட்ரோனேட் காப்புரிமை தீர்ந்த பழைய மாத்திரை. கண்டறியப்பட்டவர்களுக்கு, சர்க்கரை மாத்திரையைப் போல அதுவும் வீடு தேடி வர வேண்டும். தாம்பரம் மாநகராட்சியும் சுகாதாரத் துறையும் தன்னார்வலர்களின் படிவத்தில் இந்தக் கேள்விகளைச் சேர்த்து, இவ்வாண்டே தொடங்க வேண்டும்.